பசுமையா வாழணும்னா லிப்ஸ்டிக்கைத் தூக்கிப் போடணுமா?

பண்ணைக்காட்டுப் பொண்ணு, ஜனவரி 18, 2025

வைகாசியில எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தாண்டிக்குடிப் பக்கம், காபித் தோட்டம். அவர் தோட்டத்துக்கு மருந்து அடிக்க மாட்டார், கடைக்குப் போனா கையில மஞ்சப்பை. எனக்கும் அதெல்லாம் பிடிக்கும்தான். ஆனா மேக்கப்னா எனக்கு உசுரு, லிப்ஸ்டிக் மட்டும் பதினோரு கலர் வச்சிருக்கேன். கூடப் படிச்சவ ஒருத்தி, “ஒண்ணு பூமியக் காப்பாத்து, இல்ல மூஞ்சியக் காப்பாத்து, ரெண்டும் நடக்காது”ன்னு சொல்லிட்டா. நிஜமாவே நடக்காதா? கல்யாணத்தன்னிக்கு மஞ்சள் மட்டும் பூசிக்கிட்டு நிக்கணுமா? எனக்கு ஜொலிக்கணும்ங்க. மலையில பார்லர் வச்சிருக்கிறவங்க யாராச்சும் சொல்லுங்க.

பார்லர் அக்கா, ஜனவரி 19

கொடைக்கானல் நாயுடுபுரத்துல 19 வருஷமா பார்லர் நடத்துறேன். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

போன கார்த்திகையில ஒரு பொண்ணுக்கு மேக்கப் முடிச்சுட்டு ராத்திரி குப்பைக் கூடையை வாசல்ல வச்சுட்டுப் படுத்துட்டேன். விடியக்காலம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தா, காட்டெருமை கூடையக் கவுத்துப் போட்டு மேஞ்சுக்கிட்டு நிக்குது. வாயோரமா வெட் வைப் ஒண்ணு வெத்தலைச் சாறு மாதிரி செவப்பா தொங்குது. அது போனப்புறம் உக்காந்து பொறுக்கினேன். பொறுக்கும்போது எண்ணவும் எண்ணினேன். வெட் வைப் 34, பஞ்சு 22, ஷீட் மாஸ்க் 3, ஸ்பாஞ்சு 4, ஒட்டு இமை டப்பா 2, ஹேர்பின் அட்டை, ஸ்டிக்கர் பொட்டு அட்டை, சேலையப் பிரிச்ச பிளாஸ்டிக் கவர். ஒரே ஒரு பொண்ணுக்கு, ஒரே ஒரு காலைக்கு.

அதுல லிப்ஸ்டிக் ஒண்ணுகூட இல்ல பாப்பா. லிப்ஸ்டிக் ஒரு குழாய் எனக்கு எட்டு மாசம் வருது. மூஞ்சியில பூசினதை விட துடைச்சதுதான் கூடைய நிறைச்சிருந்துச்சு. வெட் வைப்னு பேர்தான் துணி மாதிரி, பெரும்பாலானதுல பாலியஸ்டர் நார் கலந்திருக்கு, மக்காது. உன் ஃப்ரெண்டுகிட்ட இதைச் சொல்லு.

பதினோரு கலர் எதுக்குங்கிறதை அப்புறம் பேசலாம்.

ஜனவரி 19, ராத்திரி

காட்டெருமைக்கு என்ன ஆச்சுன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. வைப்பைத் துப்பிட்டு எதிர் வீட்டுக் கேரட் பாத்திக்குப் போயிருச்சு. எதிர் வீட்டுக்காரர் என்கிட்ட சண்டைக்கு வந்தார். எனக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல.

ஜனவரி 24

வைப்புக்குப் பதிலா என்னன்னு கேட்ட வத்தலக்குண்டு அக்காவுக்கு: பழைய வேட்டி. எங்கப்பாவோட எட்டு முழ வேட்டி ஒண்ணைக் கிழிச்சா அறுபது துண்டு வருது. தேங்காய் எண்ணெயைத் தடவி ஒரு நிமிஷம் விட்டு, வெந்நீர்ல நனைச்ச துண்டால துடைச்சா வாட்டர்ப்ரூஃப் மையும் வந்துரும்.

உங்க ஊர்ல சுலபம். இங்க தேங்காய் எண்ணெய் எண்ணெயாவே இருக்காது. 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சுரும், கொடைக்கானல்ல சித்திரை வெயில்லகூட மத்தியானம் அந்தச் சூட்டை எட்டுறது அபூர்வம். வாய் குறுகின பாட்டில்ல வாங்கிட்டு வந்து, சூரிய நமஸ்காரம் பண்ற மாதிரி அதை அடுப்புப் பக்கம் காட்டிக்கிட்டு நிக்கிற டூரிஸ்டைப் பார்த்திருக்கேன். நாங்க வாய் அகலமான ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சு, வெண்ணெய் மாதிரி விரலால வழிச்சுக்குவோம். அப்பிடி உறைஞ்சதுதான் மேக்கப் துடைக்க நல்லது, வழியாது.

துண்டைச் சோடா உப்புப் போட்ட கொதிநீர்ல ஊற வச்சுத் துவைக்கணும். முதல் மாசம் பச்சைத் தண்ணியில அலசினேன், எண்ணெய் போகாம சாக்கடைக் குழாய் அடைச்சுக்கிட்டதுதான் மிச்சம்.

ஒரு இடத்துல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்ணு. மஸ்காரா குச்சி ஆளுக்கு ஒண்ணு, போட்டுத் தூக்கி எறிவேன். ஒரு வீட்டுக் கல்யாணத்துல அஞ்சு பொம்பளைங்களுக்கு ஒரே குச்சியப் போட்டு அஞ்சு பேருக்கும் கண்ணு செவந்த கதை எனக்குத் தெரியும். அந்தக் குச்சியப் பிடிச்சது நான்தான்.

ஜனவரி 27

தலைக்கு: ஷாம்பை விட்டு நாலு வருஷமாச்சு. சீயக்காய், வெந்தயம், பூந்திக்கொட்டை, காஞ்ச எலுமிச்சைத் தோல் அரைச்சு வச்சுக்கிறேன். குப்பைன்னு ஒண்ணுமே இல்ல. முடி என் வயசுக்கு நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் மாறிருங்க, மாறாதவங்களுக்கு மன்னிப்பே கிடையாது.

பிப்ரவரி 2

மேல எழுதினதை அழிக்க மனசு வரல, ஆனா திருத்தணும்.

என் தம்பி கரண்டு வேலை பாக்கிறவன். மேல இருக்கறதைப் படிச்சுட்டு, “அக்கா, நீ எத்தனை வாளி வெந்நீர் ஊத்துற?”ன்னு கேட்டான். எண்ணெய் தேய்ச்சு சீயக்காய் போட்டா ரெண்டரை வாளி இல்லாம பிசுக்கு போகாது. ஷாம்புன்னா ஒரு வாளி. அவன் கணக்குப் போட்டுக் காட்டினான்: தை மாசத்துக் குழாய்த் தண்ணி 12 டிகிரின்னு வச்சுக்கோ, 20 லிட்டர் வாளியை 40 டிகிரிக்கு ஏத்த 0.65 யூனிட் கரண்டு. எனக்கு ரெண்டரை வாளிக்கு 1.6 யூனிட். அதுல 9 வாட் பல்பை ஒரு வாரம் இராப்பகலா எரிய விடலாமாம். “பாட்டிலை மிச்சம் பண்ணி பாய்லர்ல விட்டுட்ட”ன்னுட்டுப் போயிட்டான்.

ஒரு நாள் பூரா கோவமா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா, அவன் சொல்றது சரிதான். குளிர் ஊர்ல ஷாம்பா சீயக்காயாங்கிறதை விட வெந்நீர் எவ்வளவுங்கிறதுதான் பெருசு. விறகு பாய்லர் வச்சிருக்கவங்க சிரிக்க வேண்டாம். சீகை (வாட்டில் மரம்) விறகுல தண்ணி காய வச்சு சீயக்காய் போட்டுக் குளிக்கிறது பேர்ப் பொருத்தமாத்தான் இருக்கு, ஆனா அந்தப் புகை உங்க நெஞ்சுக்குத்தானே போகுது. சீகை மரத்தை வெட்டினா மலைக்கு நல்லதுன்னு ஒரு சார் எழுதியிருக்கார். அது நிஜம். வெள்ளைக்காரன் கொண்டாந்தது, அப்புறம் தோல் பதனிடன்னு நிறைய நட்டது, இப்ப புல்வெளியெல்லாம் முழுங்கிருச்சு. அதுக்காக நீங்க தினம் தலைக்குக் குளிச்சுத் தீர்க்க முடியாது சார்.

இப்ப என் வழி: கிண்ணம் நிறைய எண்ணெய் கிடையாது, ஒரு கரண்டி, அதுவும் மண்டைத் தோலுக்கு மட்டும். ஒரு வாளியில முடியுது. மன்னிப்பு கிடையாதுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

பிப்ரவரி 13

நேத்துத்தான் பழனியிலேர்ந்து வந்தேன், தைப்பூசக் கூட்டம், கால் இன்னும் வலிக்குது. முடி இறக்குற கொட்டகையைத் தாண்டும்போது இங்க நாம பேசிக்கிட்டிருக்கிறது ஞாபகம் வந்துச்சு. கல்யாணச் சடைக்கு முடி வச்சுப் பின்னணுமான்னு நீ தனியாக் கேட்டிருந்தியே பாப்பா, அதுக்குப் பதில் மலையடிவாரத்துலயே இருக்கு.

கடையில விக்கிற பளபள செயற்கைச் சவுரி முழுக்க பிளாஸ்டிக் இழை. ஒரு கல்யாணத்துக்கு மேல சிக்கு எடுக்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பழனியில பக்தர்கள் இறக்குற முடி கோயில் ஏலத்துல போய், கழுவி, தரம் பிரிச்சு, உலகம் பூரா டோப்பாவாவும் சவுரியாவும் போகுது. முருகனுக்கு நேர்ந்த முடி வெளிநாட்டு நடிகை தலையில ஆடுது. இதை விடப் பெரிய மறுசுழற்சி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

எங்கம்மா அதையும் தாண்டினவங்க. தலை வாரும்போது உதிர்ற முடியைச் சுருட்டி ஓலைப் பெட்டியில சேர்த்து வச்சு, ஆறேழு வருஷத்துக்கு ஒருக்கா தன் முடியிலயே தனக்குச் சவுரி கட்டிக்கிட்டாங்க. நிறம் அச்சு அசலா ஒத்துப்போகும், நரை உட்பட. அந்தச் சவுரி என்கிட்ட இருக்கு. நாலு கல்யாணப் பொண்ணுங்களுக்கு வச்சுப் பின்னியிருக்கேன், யாருகிட்டயும் சொல்லல. இப்ப சொல்லிட்டேன்.

பிப்ரவரி 22

உதட்டுக்கு வருவோம். ரெண்டு வாரமா சமையக்கட்டுல நாசம் பண்ணிக்கிட்டிருக்கேன்.

வீடியோவுல எல்லாம் பீட்ரூட் சாறையும் தேங்காய் எண்ணெயையும் கலக்கிட்டு “இதோ இயற்கை லிப்ஸ்டிக்”ங்கிறாங்க. ஹோம்மேட் சாக்லேட் பண்ற தோழிகிட்ட கோகோ வெண்ணெய் 100 கிராம், தாண்டிக்குடிப் பக்கம் தேன் எடுக்கிறவங்ககிட்ட தேன்மெழுகு கொஞ்சம், நம்ம மலை பீட்ரூட் ரெண்டு. உருக்கிக் கலக்கி டப்பியில ஊத்தினேன். காலையில பார்த்தா மேல வெள்ளையா மெழுகு, அடியில செவப்பா குட்டை. பீட்ரூட் நிறம் தண்ணியில கரையறது, மெழுகுலயும் எண்ணெயிலயும் கரையாது. எத்தனை கலக்கினாலும் பிரிஞ்சுக்கும். வீடியோக்காரங்க மறுநாள் டப்பியத் திறந்து காட்ட மாட்டாங்க.

அடியில நின்ன சாறை ரசத்துல ஊத்திட்டேன். ரசம் சாக்லேட் வாசனை அடிச்சுச்சு.

இதுக்கு நடுவுல ஒரு மாமிக்குச் செய்தி. “நான் சுத்த சைவம், லிப்ஸ்டிக்ல என்ன வந்துடப் போறது”ன்னு எழுதியிருந்தீங்க. டப்பாவுல கார்மைன்னோ 75470ன்னோ போட்டிருக்கான்னு பாருங்க மாமி. போட்டிருந்தா அது கள்ளிச்செடியில வாழற ஒரு பூச்சியக் காயவச்சு நசுக்கி எடுத்த செவப்பு. என்னைத் திட்டாதீங்க. நான் அசைவம்தான், எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

மார்ச் 8

மகளிர் தினத்துக்கு ஃபேர்னஸ் ஃபேஷியல் ஆஃபர் உண்டான்னு காலையிலேர்ந்து அஞ்சு போன். கிடையாது. ஏன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்ல முடியாது, இங்க எழுதிட்டு லிங்க் அனுப்பிடுறேன்.

எங்க ஊர்ல ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்துச்சு. வயசானவங்களுக்குத் தெரியும். எண்பதுகள்ல அமெரிக்காவுல மூடின ஆலையை இயந்திரத்தோட பெயர்த்து இங்க கொண்டாந்தாங்க. கொண்டாந்தது யாரு? முகத்துக்குப் பவுடரும் கிரீமும் விக்கிற கம்பெனி. அப்புறம் அது பெரிய கம்பெனி ஒண்ணுக்குக் கைமாறிச்சு. 2001-ல மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில ஒடைஞ்ச தெர்மாமீட்டர் மூட்டை மூட்டையாக் கிடந்ததைப் பார்த்து ஊரே திரண்டுச்சு, ஆலையை மூடினாங்க. 2003-ல ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலேத்தி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க. வேலை பார்த்த 591 பேருக்கு ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்தது 2016-ல. ஆலைக்குக் கீழ் சரிவுல பாம்பார் சோலை. அந்தத் தண்ணி கீழ வைகைப் பக்கம் இறங்குது.

இதுக்கும் ஃபேஷியலுக்கும் என்னன்னா, அதே பாதரசம்தான் முகத்தை வெளுக்க வைக்கிற திருட்டு கிரீம்கள்லயும் இருக்கு. தோல் நிறமி உண்டாகிறதைத் தடுக்கும், ஒரு வாரத்துல பளிச்சுன்னு தெரியும். நிறுத்தினா முன்னைய விடக் கருக்கும். உள்ள போய் கிட்னியப் பிடிக்கும். 2023-ல மலப்புரத்துல இந்த மாதிரி கிரீம் பூசினவங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததை டாக்டருங்க கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல பாதரசம் இருக்கிற கிரீமுக்கு, பாதரசத்தைக் கட்டுப்படுத்துற மினமாட்டா உலக ஒப்பந்தம் 2020-லயே தடை போட்டுச்சு. ஆனா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லேபிள் இல்லாத டப்பா இன்னும் வருது.

நானும் வித்திருக்கேன். 2011 வரைக்கும். மேல ரோஜாப் படம், உள்ள என்ன இருக்குன்னு ஒரு எழுத்துகூட இல்லாத டப்பா. டப்பாவுக்கு நாப்பது ரூபாய் லாபம். பாதரசம் இருந்துச்சா இல்லையான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது, அப்ப கேக்கத் தோணல. இந்த ஊர்க்காரியா இருந்துக்கிட்டு கேக்கத் தோணலங்கிறதுதான் உறுத்துது.

அதனால ஆஃபர் கிடையாது. உன் நிறத்துக்கு எந்தப் பட்டு எடுக்கும், எந்தச் செவப்பு எடுக்கும்னு கேளுங்க, நாள் பூரா உக்காந்து சொல்றேன்.

மார்ச் 9

“அழகுக் குறிப்பு கேட்டா ஆலைக் கதை சொல்றீங்க”ன்னு திண்டுக்கல் தம்பி ஒருத்தர். தம்பி, இது குறிப்புதான். லேபிள் இல்லாததை வாங்காதே.

மார்ச் 25

பொட்டு. இதுல நான் பிடிவாதக்காரி.

கழுத்துக்கு மேல மின்னுற எல்லாத்தையும் மன்னிப்பேன், ஸ்டிக்கர் பொட்டை மட்டும் மன்னிக்க மாட்டேன். அது பிளாஸ்டிக், குளிக்கும்போது கண்ணாடியில ஒட்டி, சுவத்துல ஒட்டி, கடைசியில சாக்கடைக்குப் போறது. அது போகட்டும். அதோட பசையில பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால்னு ஒண்ணு இருக்கிறதுண்டு, சில பேருக்கு அது நிறமியைக் கொன்னு நெத்தியில வெள்ளை வட்டம் விழுந்துரும். தோல் டாக்டருங்களுக்கு ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். என் கஸ்டமர் ஒரு டீச்சரம்மா, அந்த வெள்ளை வட்டத்தை மறைக்க இன்னும் பெரிய ஸ்டிக்கர் வைப்பாங்க. அது இன்னும் பெருசாச்சு. ரெண்டு வருஷம் நானே பெரிய சைஸா எடுத்துக் கொடுத்திருக்கேன்.

குங்குமம் வீட்டுல பண்ணலாம்: நல்ல மஞ்சள், படிகாரம், வெங்காரம், எலுமிச்சைச் சாறு, கடைசியில துளி நெய். கலக்கி நிழல்ல காய வச்சு இடிக்கணும். மஞ்சள் கண்ணு முன்னாடியே செவக்கிறதைப் பார்க்கிறதே ஒரு அழகு. நேத்து அரைக் கிலோ போட்டிருக்கேன்.

ஏப்ரல் 5

குங்குமம் பூத்துப் போச்சு. பத்து நாளா மூட்டம், நிழல் இருக்கு, காய்ச்சல் இல்ல. கொடைக்கானல் நிழல்ல எதுவும் காயாதுன்னு இத்தனை வருஷம் துணி காயப் போட்டவளுக்குத் தெரியாமப் போச்சு. மறுபடியும் போட்டு, ஈரத்தோட டப்பாவுல அடைச்சு வத்தலக்குண்டுக்குப் பஸ்ல கொடுத்து விட்டிருக்கேன். அக்கா மொட்டை மாடி நிழல்ல காய வைக்கிறதாச் சொல்லியிருக்காங்க. இந்தப் பேச்சுல கிடைச்ச சிநேகிதம், நேர்ல இன்னும் பார்த்ததில்ல.

அதே அக்காதான் உதட்டுச் செவப்புக்கும் வழி சொன்னாங்க. வேம்பாளம் பட்டை! எங்க பாட்டி கூந்தல் எண்ணெய் செவக்கப் போடுவாங்களே, அதே பட்டை. அதோட நிறம் எண்ணெயிலதான் இறங்கும். பீட்ரூட் பிரிஞ்ச இடத்துல இது உக்காந்துக்கும். நல்லெண்ணெய்ல ரெண்டு நாள் ஊற வச்சு இளஞ்சூடு காட்டி வடிகட்டினா கருஞ்செவப்பு. மெழுகு ஒரு பங்கு, கோகோ வெண்ணெய் ஒரு பங்கு, இந்த எண்ணெய் ரெண்டு பங்கு. ஆறினதும் பூசிப் பார்த்தேன். பளிச்சுன்னு இல்ல, நாவல்பழம் தின்ன வாய் மாதிரி ஒரு செவப்பு. என் வீட்டுக்காரர் “என்ன, வெத்தலை போட்டியா?”ன்னார். அதை நான் பாராட்டா எடுத்துக்கிட்டேன்.

ஒண்ணு. உள்ளங்கை மணிக்கட்டுல ஒரு நாள் தடவிப் பார்த்துட்டுத்தான் உதட்டுக்கு. இயற்கைன்னாலே ஒத்துக்கும்னு கிடையாது. ‘கருப்பு மருதாணி’ன்னு கோன்ல விக்கிறாங்களே, அந்தக் கருப்பு மருதாணியோடது இல்ல, தலைச்சாயத்துல போடுற பி.பி.டி. கை வெந்து கொப்பளிச்சு வந்த பொண்ணைப் பார்த்திருக்கேன். நரைக்குக் கருப்பு வேணும்னா மருதாணி ஒரு நாள், அவுரி மறுநாள், ரெண்டு வேலை. சோம்பேறித்தனம் வேலைக்காகாது.

ஏப்ரல் 19

பட்டுச் சேலை பத்திச் சண்டை நடந்துக்கிட்டிருக்கு, நான் ரெண்டு நாள் இல்ல. மாப்பிள்ளை, “பட்டுப்பூச்சியக் கொதிக்க வச்சு எடுத்தது வேண்டாம்”னு சொல்றாராம். பொண்ணு அழுவுது.

அவர் சொல்றது தப்பில்ல. கூட்டைப் புழு உள்ள இருக்கும்போதே கொதிநீர்ல போட்டாத்தான் நூல் அறாம நீளமா வரும், ஒரு கூட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பூச்சியப் பறக்க விட்டுட்டு எடுக்கிற அகிம்சைப் பட்டுன்னு ஹைதராபாத் பக்கம் குசும ராஜய்யா ஆரம்பிச்சு வச்சார். நூல் அறுந்து வர்றதால பஞ்சு மாதிரி நூத்துத்தான் நெய்யணும், மினுமினுப்பு குறையும், விலை ஏறும். தொட்டுப் பார்த்திருக்கேன். அழகா இருக்கு, ஆனா நீ கேக்கிற ஜொலிப்பு அதுல இல்ல பாப்பா.

சின்னாளப்பட்டிச் சுங்குடி கட்டுன்னு ஒருத்தர். நல்ல யோசனை, மறுவீட்டுக்குக் கட்டு. முகூர்த்தத்துக்குன்னு சொன்னா உங்கம்மா என்னைத் தேடி மலையேறி வந்துருவாங்க.

நான் கேக்கிறது ஒண்ணுதான்: உங்கம்மா கூறைப்பட்டு எங்க? செத்த புழு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே செத்துப்போச்சு. அந்தக் காலத்துச் சேலைன்னா ஜரிகை நிஜ வெள்ளியா இருக்க வாய்ப்பு உண்டு, இப்ப வர்ற பலதுல செம்பும் பிளாஸ்டிக் இழையும்தான். பழைய பட்டு வாங்க வீடு வீடா வர்றாங்களே, துணிக்கா வர்றாங்க? ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்க. பீரோவைத் திற.

ஏப்ரல் 20

திறந்தாச்சாம். அரக்குக் கலர், மாம்பழ பார்டர், மடிப்புல ரெண்டு இடம் விட்டிருக்கு. மடிப்பு மாத்தாம இருபது வருஷம் வச்சிருந்தா அப்படித்தான் விடும். கொண்டு வா. பின்னாடி டிஷ்யூ துணி கொடுத்துத் தைக்கலாம், கொசுவத்துக்குள்ள போயிரும், யாருக்கும் தெரியாது.

என் தப்பு ஒண்ணு: டிஷ்யூன்னேன், அதுவும் பாலியஸ்டர்தான். பழைய பட்டு ரவிக்கைத் துணி இருந்தா அதையே கொடுத்துரலாம்.

மே 6

சீசன். இ-பாஸ் வாங்கிக்கிட்டு ஊரே மேல வந்திருச்சு. அஞ்சு லிட்டருக்குக் கீழ தண்ணி பாட்டில் கொண்டாராதீங்கன்னு எழுதிப் போட்ட போர்டுக்குப் பக்கத்துலயே பாட்டில் கிடக்கு. எழுத நேரமில்ல, சுருக்கமா:

கிளிட்டர் போடுறதை நிறுத்திட்டேன். அது அலுமினியம் பூசின பிளாஸ்டிக் துகள், மூஞ்சியக் கழுவினா நேரா ஏரிக்குப் போகுது. ஐரோப்பாவுல 2023 அக்டோபர்லேர்ந்து உதிரிப் பிளாஸ்டிக் கிளிட்டர் விக்கத் தடை, மேக்கப்புக்கு மட்டும் அவகாசம் கொடுத்திருக்காங்க. இமைக்கு மினுக்கு வேணும்னா மைக்கா (அப்ரகம்னு சொல்ற மினுக்குக் கல்) கலந்தது இருக்கு. ஆனா அதுலயும் நிம்மதி இல்ல, ஜார்க்கண்ட்ல கொடெர்மா, கிரிடி பக்கம் கைவிட்ட சுரங்கத்துல குழந்தைங்க பொறுக்கின மைக்கா இதுல வந்து சேருது. செயற்கை மைக்கான்னு எழுதியிருக்கிறதைத் தேடி வாங்குறேன். ஒரு டப்பா வாங்கி மூணு வருஷம் ஓட்டுறேன்.

வெயில்: மூட்டமா இருக்கு, கறுக்காதுன்னு நினைக்கிறீங்க பாருங்க, அதுதான் கறுக்க வைக்குது. ஆயிரம் மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போல கூடும். நாம 2,100 மீட்டர்ல நிக்கிறோம், மூட்டத்தைத் தாண்டியும் அது வரும். துத்தநாகக் களிம்பு நல்லதுதான், ஆனா நம்ம நிறத்துக்கு விபூதி பூசின மாதிரி இருக்கும். நான் குடை பிடிக்கிறேன். இருபது வருஷக் குடை.

மே 20

பூவுக்கு நிலக்கோட்டை. விடிகாலைச் சந்தையில மல்லி வாங்கி வாழைநார்ல கட்டி முதல் பஸ்ல ஏத்திட்டா எட்டு மணிக்கு மேல வந்துரும். மேடை அலங்காரத்துக்குப் பூச் சொருக வர்ற பச்சைப் பஞ்சு வேண்டாம்னு டெக்கரேஷன்காரர்கிட்ட அடிச்சுச் சொல்லிரு, அது மக்காத பிளாஸ்டிக் நுரை. வாழைத்தண்டுல சொருகட்டும், ஈரமும் நிக்கும். “தண்டு வெயிட்டு மேடம்”னு சொல்லுவார். தூக்கட்டும்.

ஜூன் 7

போன வாரம் கல்யாணம் முடிஞ்சுது. பொண்ணு அனுமதி கொடுத்ததால எழுதுறேன்.

அம்மாவோட அரக்குப் பட்டு. என் அம்மாவோட சவுரி. வத்தலக்குண்டுல காஞ்ச குங்குமம். அக்காவும் வந்திருந்தாங்க, முதல் தடவை நேர்ல பார்த்தோம், நான் நினைச்சதை விட ரொம்பக் குட்டை. நிலக்கோட்டை மல்லி ஆறு முழம். கண்ணுக்குக் கடை மைதான். விளக்கெண்ணெய் விளக்குல கரிசலாங்கண்ணித் துணி எரிச்சுப் பிடிச்ச வீட்டு மையைப் போட்டுப் பார்த்தோம், பத்து நிமிஷத்துல கன்னத்துக்கு வந்துருச்சு, தாலி கட்டும்போது அழுவாம இருப்பேன்னு பொண்ணு உத்தரவாதம் தரல.

உதட்டுக்கு வேம்பாளம். முகூர்த்தம் வரைக்கும் அருமையா நின்னுச்சு. பந்தியில உக்காந்தாங்க பாருங்க, ரசம் சாதத்தோட அதுவும் போயிருச்சு. பொண்ணு நைசா பையிலேர்ந்து தன் பதினோரு கலர்ல ஒண்ணை எடுத்துப் பூசிக்கிட்டு என்னைப் பார்த்துச்சு. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். உண்மையச் சொன்னா அந்தக் கடைச் செவப்புதான் அந்தச் சேலைக்கு இன்னும் எடுப்பா இருந்துச்சு.

ஜொலிச்சாளான்னா, ஜொலிச்சா. மாப்பிள்ளை மாலை மாத்த மறந்து நின்னதை வீடியோவுல பார்க்கலாம்.

ராத்திரி கூடைய எண்ணினேன், வழக்கம் விடுறதில்ல. வைப் 0. பஞ்சு 5, நகச்சாயம் அழிக்கத் துணி தோதுப்படல. மஸ்காரா குச்சி 6. ஹேர்பின் அட்டை 2. சேஃப்டி பின் எத்தனைன்னு தெரியல, பாதி இன்னும் சேலையிலயே இருக்கும். கசங்கின மல்லி ஒரு குவியல், அதைக் கேரட் பாத்திக்காரர் எருக்குழிக்குக் கேட்டு வாங்கிக்கிட்டார். சமாதானம் ஆயாச்சு.

மண்டபத்துல தண்ணிக்கு எவர்சில்வர் டம்ளர், அது மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. அதே மண்டபத்துல மொய்க் கவர் எல்லாத்துலயும் பளபள ஜிகினா. அதை யாரும் யோசிக்கல, நானும்தான்.

ஜூன் 9

வேம்பாளம் பட்டை எங்க கிடைக்கும்னு தனியா மெசேஜ் போடாதீங்க, நாப்பது பேருக்கு மேல ஆச்சு. எந்த நாட்டு மருந்துக் கடையிலயும் கிடைக்கும். 50 கிராம் வாங்கினா வீட்டுக்கே ஒரு வருஷம் வரும். டப்பி விக்கிறியான்னு கேக்கிறவங்களுக்கு: இல்ல. ஒரு தடவை லேபிள் இல்லாத டப்பா வித்தாச்சு.

சவுரியக் கழுவிக் காயப் போட்டிருக்கேன். ஆவணியில ஒரு பொண்ணு கேட்டிருக்கு, அதுக்கு நரை முடி கொஞ்சம் பிரிச்சு எடுக்கணும். காயறதுக்குத்தான் மூட்டம் விட மாட்டேங்குது.